பன்னிரண்டாவது வரி

விரல் சார் என்று கேட்டால்தான் அந்தக் காது ஆஸ்பத்திரியில் வழி சொல்வார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. வருகிறவரை ஒலி புகாத சின்ன அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க. எவ்வளவு சின்னதா இருந்தாலும் தூக்கணும். கேக்கலைன்னா தூக்கக் கூடாது" என்பார். ஒரு நாளைக்கு இருபது பேர் என்று வைத்துக்கொண்டால் இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சொல்லிச் சொல்லி அவருடைய ஆள்காட்டி விரலுக்கே ஒரு பழக்கம் வந்துவிட்டது. தெருவில் யாராவது கூப்பிட்டால் முதலில் விரல் எழும், அப்புறம்தான் தலை திரும்பும்.

அந்த அறையை எல்லோரும் டப்பா என்பார்கள். ஒரு சாண் கனத்துக்குக் கதவு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், உள்ளே ஒரு நாற்காலி. கதவைச் சாத்திவிட்டால் சொந்த மூச்சுதான் துணை. காலை எட்டு மணிக்கு, முதல் நோயாளி வருமுன், விரல் சார் டப்பாவுக்குள் தனியாகப் போய் உட்கார்ந்து ஒரு கவிதை கேட்பார்.

ரசனை என்று நினைத்துவிட வேண்டாம், அதுவும் வேலைதான். இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று தினமும் ஒரு நல்ல காது கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. மற்ற இடங்களில் இதற்குப் 'பல், கல், சொல்' என்று வார்த்தைப் பட்டியல் வைத்திருப்பார்கள். அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய பெரிய டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. "காலங்கார்த்தால பல்லு கல்லுன்னு கேட்டா மனுஷன் உருப்படுவானா?" என்று சொல்லி, தானே பன்னிரண்டு வரியில் ஒரு கவிதை எழுதி, தன் குரலிலேயே பதிவும் செய்துவிட்டார். முதல் வரி சாதாரணமாகப் பேசுகிற அளவில் இருக்கும். அடுத்தது ஒரு படி சின்னதாக, அதற்கடுத்தது இன்னும் ஒரு படி. பன்னிரண்டாவது வரி கேட்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவில் வந்து முடியும். அது கேட்டுவிட்டால் இயந்திரம் சரி. பத்தோடு நின்றால் வயரைப் பார்க்க வேண்டும். எட்டோடு நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

'ஜன்னலைத் திறந்தேன், காலை உள்ளே வந்தது' என்று ஆரம்பித்து, 'இருக்கிறேன் என்கிறது விளக்கு' என்று முடியும் கவிதை அது. பெரிய டாக்டர் நல்ல வைத்தியர். நல்ல கவிஞர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரே கவிதையைத் தினம் கேட்டால் அது நல்லதா கெட்டதா என்ற பேச்சே போய்விடுகிறது. முதல் வருஷம் விரல் சாருக்கு அலுப்பாக இருந்தது. மூன்றாம் வருஷம் பிடித்துப்போனது. அதற்கப்புறம் பல் தேய்ப்பது போல ஆகிவிட்டது. வெளியே வந்து, கதவில் தொங்கும் நோட்டில் 12 என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். இருபத்திரண்டு வருஷமாக அந்த நோட்டில் வேறு எண்ணே கிடையாது.

வீட்டில் அதையே சொல்லிக் காட்டுவார். அவருக்கு ஒரே மகள். சாப்பிட உட்கார்ந்தால் அவளும் கூடச் சேர்ந்து சொல்வாள். வரிக்கு வரி குரலைக் குறைத்துக்கொண்டே போய், பன்னிரண்டாவது வரியில் வெறும் உதடு மட்டும் அசைகிற மாதிரி சொல்லிவிட்டு அப்பாவைப் பார்ப்பாள். அவர் விரலைத் தூக்க வேண்டும். தூக்கினால்தான் அடுத்த கவளம் சாப்பிடுவாள். "ரெண்டுக்கும் கிறுக்கு முத்திப்போச்சு" என்பாள் மனைவி.

அந்த மகள் பத்தொன்பது வயதில் ஒரு காய்ச்சலில் பதினோரு நாளிலேயே போய்விட்டாள். நாலு வருஷம் ஆகிறது.

விரல் சார் அழவில்லை. அழுகை வரும் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. அதற்குப் பதில் உலகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய் நின்றுகொண்டது. யார் பேசினாலும் அடுத்த அறையில் பேசுவது போல இருந்தது. சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. கூடத்துக் கடிகாரம் ஓடவில்லை என்று நினைத்து இரண்டு தடவை பேட்டரி மாற்றினார். பார்த்தால் முள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. துக்கம் இப்படித்தான் இருக்கும் போல, மனம் மரத்துப்போனால் எல்லாம் மரத்துப்போகும் போல என்று எடுத்துக்கொண்டார். ஊரில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். "பாவம், மனுஷன் கல்லாயிட்டார்" என்று அவர் பக்கத்திலேயே நின்று சொன்னார்கள். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அங்கே வருகிறவர்கள் எல்லாம் காது மந்தமானவர்கள். கூட வருகிறவர்கள் கத்தித்தான் பேசுவார்கள். கத்துகிறவர்களோடு பழகிப் பழகி டாக்டரும் கத்துவார். காலையில் டப்பாவுக்குள் போனால் கவிதை பன்னிரண்டு வரியும் வந்தது. நோட்டில் 12 என்று எழுதினார். உலகம் முழுக்கத் தள்ளிப்போன பிறகும் அது ஒன்றுதான் கிட்டத்தில் இருந்தது. அதனால் காலை எட்டு மணிக்காகக் காத்திருக்கவும் செய்தார்.

வீட்டில்தான் பேச்சே இல்லை. மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் பட்டன் துளை போடுகிறவள். நாள் முழுக்க மெஷின் இரைச்சலில் இருந்துவிட்டு வருகிறவள், வீட்டில் மெல்லப் பேசுவாள். மகள் போன பிறகு இன்னும் மெல்ல. சாப்பிடும்போது தலையைக் குனிந்துகொண்டு வாயை அசைப்பாள். ஏதோ முணுமுணுக்கிறாள், தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள் என்று விரல் சார் விட்டுவிடுவார். அவள் நிமிர்ந்து பார்த்தால் மட்டும் "சரி" என்பார். சரி என்று சொன்னால் எதுவும் வளராமல் முடிந்துவிடும். நாலு வருஷமும் அப்படியேதான் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். அப்புறம் நிமிர்ந்து, வழக்கத்தைவிட அதிக நேரம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சரி" என்றார் விரல் சார்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாதிச் சாப்பாட்டோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் அலமாரி மேலிருந்து பெட்டி இறங்கியிருந்தது. ஒரு சக்கரம் உடைந்த பழுப்புப் பெட்டி. துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க?" என்று கேட்டார்.

இந்தத் தடவை அவள் நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னதால் புரிந்தது. "அக்கா வீட்டுக்கு. சனிக்கிழமை ரயில்."

"எப்ப வருவ?"

"வர்றதுக்கா போறேன்?"

நெஞ்சுக்குள் ஏதாவது நடக்குமா என்று விரல் சார் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கல்லோடு எத்தனை நாள்தான் குடும்பம் நடத்துவாள், போகட்டும் என்று தோன்றியது. அவள் போவது நியாயம் என்றுகூடத் தோன்றியது. இருக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொல்வதற்கு உள்ளே ஏதாவது இருந்தால்தானே வரும்? செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை சின்ன டாக்டர் அவரைக் கூப்பிட்டார். பெரிய டாக்டர் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர், முப்பது வயதுப் பெண்.

"சார், அந்தப் பழைய பதிவுல இரைச்சல் ஜாஸ்தியாயிடுச்சு. புதுசு போட்டிருக்கேன். பயப்படாதீங்க, இதுவும் கவிதைதான்."

விரல் சாருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் டப்பாவுக்குள் போய் உட்கார்ந்தார். புதுக் குரல், புது வரிகள். 'மேகம் இறங்கி மொட்டைமாடியில் உட்கார்ந்தது' என்றது. அடுத்து மழை வந்தது. யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆறாவது வரி சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. ஏழாவது வரி வரவேயில்லை. அவர் ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து நோட்டில் 6 என்று எழுதினார். எழுதும்போதே கோபம் வந்தது. உடனே மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டார்.

மெக்கானிக் பத்து மணிக்கு வந்தார். மீட்டரை வைத்துப் பார்த்தார், வயரை மாற்றிப் பார்த்தார், மறுபடி மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"மெஷின் கல்லு மாதிரி இருக்கு சார்."

"உன் மீட்டரைத் தூக்கிக் குப்பையில போடு. இருபத்திரண்டு வருஷமா இங்க என் காதுதான் மீட்டர். ஏழாவது வரியே வரலைங்கறேன்."

மெக்கானிக் வாக்குவாதம் செய்கிற ஆள் இல்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு அக்காவைக் கூப்பிட்டார். "அக்கா, ஒரு நிமிஷம் உள்ள உக்காருங்க. காதுல கேக்கறதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க."

"எனக்கு என்னப்பா வியாதி?" என்று கேட்டுக்கொண்டே அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார்.

கண்ணாடிக்கு வெளியே விரல் சார் கைகட்டி நின்றார். உள்ளே அக்கா பேசுவது வெளியே ஸ்பீக்கரில் கணீரென்று வந்தது. அக்காவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ஆறாவது வரியைச் சொன்னார். ஏழாவதைச் சொன்னார். எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றில் கண்ணை மூடிக்கொண்டு புருவத்தைச் சுருக்கினார். பன்னிரண்டாவதை ஒரு நொடி யோசித்துவிட்டுச் சொன்னார்: "நனைஞ்ச குடை மூலையில நின்னு காயுது."

வெளியே வந்து, "யார் சார் எழுதினது? எங்க வீட்டுக் குடை மாதிரியே இருக்கு" என்று சிரித்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். மெக்கானிக் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய பதிவைப் போடு" என்றார் விரல் சார். "அது பன்னிரண்டும் கேட்டுச்சு. நேத்துகூடக் கேட்டுச்சு."

போட்டார்கள். விரல் சார் டப்பாவுக்குள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னல் திறந்தது, காலை உள்ளே வந்தது. வரிக்கு ஒரு தடவை விரலைத் தூக்கினார். குரல் மெல்ல மெல்லச் சிறுத்து, கடைசியில் விளக்கு இருக்கிறேன் என்றது. பன்னிரண்டாவது தடவை விரலைத் தூக்கிவிட்டு, இப்போது என்ன சொல்கிறாய் என்று கண்ணைத் திறந்து பார்த்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். ஹெட்ஃபோன் வயர் அவர் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்து, "ஆறாவது வரியிலேயே கழட்டிட்டேன் சார்" என்றார். குரலில் மன்னிப்புக் கேட்கிற தொனி இருந்தது.

இதில் என்ன கொடுமை என்றால், தெரிந்த வார்த்தையை வைத்துக் காதைச் சோதிக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவரே அவர்தான். "மாமா பேரைச் சொன்னா டக்குனு திரும்பறாரே சார், காது கேக்குதுன்னுதானே அர்த்தம்?" என்று கேட்கிற மருமகள்களுக்கு அவர் பொறுமையாக விளக்குவார். பழகிய வார்த்தை பாதி வந்தால் போதும், மீதியை மனசே போட்டு நிரப்பிக்கொள்ளும் என்பார். சொன்னவருக்கே அது நாலு வருஷமாக நடந்துகொண்டிருந்தது. அவர் காதை யார் சோதிப்பார்கள்? சோதிக்க வேண்டியவரே அவர்தானே!

மதியம் சின்ன டாக்டர் அவரை அதே நாற்காலியில் உட்காரவைத்தார். "சத்தம் கேட்டா விரலை..." என்று ஆரம்பித்து, யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்ததும் நிறுத்திக்கொண்டார். சோதனை முடிந்து தாளைப் பார்த்தபோது இரண்டு காதுக்கும் கோடு சரிந்து கீழே இறங்கியிருந்தது. அந்தக் கோட்டை வாசிக்க விரல் சாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நாலஞ்சு வருஷமாவே இறங்கியிருக்கும் சார். வீட்ல யாரும் கண்டுபிடிக்கலையா?"

"வீட்ல யாரும் பேசறதில்ல டாக்டர்" என்றார்.

சொல்லிவிட்டு மறுபடி அந்தத் தாளைப் பார்த்தார். பேசுவதில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? தட்டுக்கு மேலே குனிந்த தலை. அசைகிற வாய். அப்புறம் ஒரு நிமிர்வு. 'எதைக் கேட்டாலும் சரி சரிங்கறார் சார்' என்று வீட்டு ஆட்கள் சொன்னால், அதுதான் முதல் அறிகுறி என்று அவரே நோயாளியின் சீட்டில் எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவள் என்ன கேட்டாள்? எதற்குச் சரி என்று சொன்னோம்?

தற்காலிகமாக மாட்டிக்கொள்ள இரண்டு காதுக் கருவிகள் கொடுத்தார்கள். மாட்டியதும் சட்டை உரசுகிற சத்தம் முதலில் கேட்டது. அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் ஒரே இரைச்சல். சந்தோஷம் வருமா என்று பார்த்தார், வரவில்லை. வீட்டில் கூடத்துக் கடிகாரம் டிக் டிக் என்றது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நாலு வருஷமாகச் சொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வாசல் பக்கத்தில் பெட்டி நின்றது. அதன் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மனைவி ஆறு மணிக்கு வந்தாள். அவரைச் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டிருந்தாள். சாப்பாடு எடுத்து வைத்தாள், எதிரே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, குனிந்த தலையோடு ஆரம்பித்தாள்.

"ஏழு வயசுல அவளுக்குப் பல்லு விழுந்துதே, அதை உங்க சட்டைப் பையில போட்டு வெச்சா. அப்பா டப்பாவுக்குள்ள இருக்கறப்போ துணைக்கு இருக்கட்டும்னு. துவைக்கப் போட்டப்ப நான்தான் எடுத்தேன். உங்ககிட்ட சொல்லவே இல்ல."

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். சரி என்ற வார்த்தைக்காகத்தான் பார்த்தாள்.

"மேல் பல்லா, கீழ் பல்லா?" என்று கேட்டார் விரல் சார்.

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "என்ன?"

"எந்தப் பல்லுன்னு கேட்டேன்."

அப்போதுதான் அவர் காதுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தாள். "என்னங்க இது?"

அவர் சொன்னார். புதுக் கவிதை, துப்புரவு அக்கா, கழற்றிய வயர், சரிந்த கோடு எல்லாவற்றையும் நோட்டிலிருந்து படிப்பது போலச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடித்ததும் அவள் முகம் கோணிக்கொண்டது. அழப்போகிறாள் என்று நினைத்தார், அவள் கத்தினாள்.

"தினம் ஒண்ணு சொன்னேங்க! நாலு வருஷமா தினம் அவளைப் பத்தி ஒண்ணு சொன்னேன். நீங்களா பேச மாட்டீங்க, நானாவது பேசுவோம்னு. சரி, சரி, சரி... எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஞாயித்துக்கிழமை என்ன கேட்டேன்னாவது தெரியுமா?"

"தெரியாது."

"என்னால இப்படி முடியல, நான் இங்க இருக்கட்டுமா, போயிடட்டுமா, ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேட்டேன்."

"சரின்னேன்."

"ஆமா. சரின்னீங்க."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து போய் அதை இறுக்கி மூடினாள். அங்கேயே, அடுப்படியில், அவருக்கு முதுகைக் காட்டியபடி நின்றாள்.

"நிஜமா கேக்குதா? இல்ல, வாயைப் பாத்து ஒப்பேத்தறீங்களா?"

"சோதிச்சுப் பாரு."

அவள் திரும்பவில்லை. மூச்சளவுக் குரலில், "இருக்கிறேன் என்கிறது விளக்கு" என்றாள்.

விரல் சார் விரலைத் தூக்கவில்லை. "அது வேண்டாம். தெரிஞ்சதை வெச்சு சோதிக்கக் கூடாது. எனக்குத் தெரியாதது ஏதாவது சொல்லு."

அவள் இரண்டு கையையும் அடுப்பு மேடையில் ஊன்றிக்கொண்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கடிகாரம் கேட்டது. ஃபிரிட்ஜ் உறுமுவது கேட்டது. அப்புறம் அவள் குரல் கேட்டது, பன்னிரண்டாவது வரி அளவுக்குச் சின்னதாக.

"பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில நீங்க மருந்து வாங்கக் கீழ போயிருந்தீங்க. அவ கண்ணு முழிச்சா. அந்தக் கடைசி வரியைச் சொன்னா, சத்தமே இல்லாம, உதட்டால. சொல்லிட்டு உங்களைத் தேடினா. விரலைத் தூக்க நீங்க இல்ல. நான் தூக்கினேங்க."

விரல் சாரின் விரல் எழுந்தது. அவருக்கு முதலில் வலித்தது, மரத்த காலில் ரத்தம் திரும்புகிறபோது வலிக்குமே, அது போல. நாலு வருஷமாகக் காத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. சத்தம் போட்டே அழுதார். தன் அழுகைச் சத்தம் அவருக்கே கேட்டது.

"இரு" என்றார். "போகாத. இரு."

விரல் தூக்கியபடியே இருந்தது. இறக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவள்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அந்த விரலைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.

"கீழ் பல்லு" என்றாள்.